எழுத்து மையம் தொடங்கும் கல்லூரி இலக்கணத்தை என்ன செய்வது?

மாணவர்கள் தங்கள் கட்டுரை வரைவோடு வந்து பயிற்றுநரிடம் உட்கார்ந்து பேசி உதவி பெறும் இடம்தான் எழுத்து மையம். கல்லூரியில் அப்படி ஒன்று தொடங்கலாம் என்று ஒரு குழு அமைத்தாகிவிட்டால், முதல் கூட்டத்தில் பேச்சு பெரும்பாலும் அறையைச் சுற்றியே போகும். எத்தனை மேசை, எத்தனை கணினி, எந்தத் துறையின் பொறுப்பு, யார் ஒருங்கிணைப்பாளர். எல்லாம் முடிவு செய்ய வேண்டியவைதான். ஆனால் கதவு திறந்த முதல் நாள் வரும் மாணவர் கேட்கப்போவது வேறு: "இதுல இருக்கிற பிழையெல்லாம் திருத்திக் கொடுப்பீங்களா?" அடுத்த வாரம் ஒரு பேராசிரியர் அதையே திருப்பிப் போட்டுக் கேட்பார்: "உங்ககிட்ட வந்துட்டுப் போன கட்டுரைதானே, இன்னும் இவ்வளவு ஒற்றுப்பிழை இருக்கே?" இந்த இரண்டுக்கும் பொதுவான பதில் இல்லாமல் திறக்கும் மையத்தில், திங்கட்கிழமை உட்காரும் பயிற்றுநர் வரி வரியாகத் திருத்துவார், செவ்வாய்க்கிழமை உட்காருபவர் "நாங்கள் இலக்கணம் பார்ப்பதில்லை" என்பார். ஒரே பருவத்தில் பெயர் கெட்டுவிடும்.

ஆகவே இலக்கணத்தில் மையத்தின் நிலை என்ன என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அறையை அப்புறம் பார்க்கலாம் என்பது என் கட்சி. யாரைப் பயிற்றுநராக எடுப்பது, ஓர் அமர்வு எவ்வளவு நேரம், ஆசிரியருக்கு என்ன தகவல் போகும் என்பதெல்லாம் அந்த முடிவைத் தொட்டுத்தான் வரும்.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. வரைவை வாங்கித் திருத்திக் கொடுக்கலாம். இலக்கணத்தைத் தனி வகுப்பாக நடத்தலாம். இலக்கணத்தைத் தொடாமல் கருத்தையும் கட்டமைப்பையும் மட்டும் பேசலாம். அல்லது மாணவரின் வரைவை வைத்துக்கொண்டே, கடைசிக் கட்டத்தில், அளவோடு இலக்கணம் பார்க்கலாம். மென்பொருளிடம் விட்டுவிட்டால் என்ன என்ற ஐந்தாவது குரலும் இப்போது கேட்கிறது. என் ஓட்டு நான்காவதற்கு. மற்றவற்றைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

திருத்திக் கொடுக்கும் மையம்

எல்லாருக்கும் பிடித்த வழி இது. மாணவர் சிவப்பு மை நிறைந்த தாளோடு வருகிறார், சுத்தமான தாளோடு போகிறார். ஆசிரியருக்குப் படிக்க எளிதாகிறது. ஆண்டு முடிவில் "இத்தனை கட்டுரைகள் திருத்தப்பட்டன" என்று நிர்வாகத்துக்கு ஓர் எண்ணையும் காட்டலாம்.

சிக்கல் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். பக்கத்துக்கு 6 நிமிடம் என்று வைத்தாலும் 10 பக்கக் கட்டுரைக்கு ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரத்தில் "உன் வாதம் மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது, முதல் இரண்டு பக்கம் எதற்கு?" என்று கேட்க ஒரு நிமிடம்கூட மிஞ்சாது. திருத்திய தாளை வாங்கிப் போகிறவர் பழைய வரியையும் புதிய வரியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் இல்லை. அப்படியே தட்டச்சு செய்து சமர்ப்பிப்பார். அடுத்த கட்டுரையில் அதே பிழைகள் அதே இடங்களில் வரும்.

மதிப்பெண் யாருடைய எழுத்துக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. எழுத்தையும் சேர்த்து மதிப்பிடும் பாடத்தில் இன்னொருவர் வரிக்கு வரி மாற்றி எழுதியதைச் சமர்ப்பிப்பது கல்வி நேர்மை விதிகளோடு உரசும். மையமே அதற்கு ஏற்பாடு செய்து தருவது நன்றாகவா இருக்கும்?

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. "திருத்தித் தரப்படும்" என்று பலகை மாட்டிவிட்டால், விடுபட்ட ஒவ்வொரு பிழைக்கும் மையம்தான் பொறுப்பு. அமெரிக்காவில் ராபர்ட் கானர்ஸும் ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டும் ஆசிரியர்கள் திருத்திய 3,000 கல்லூரிக் கட்டுரைகளை ஆராய்ந்து 1988-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கட்டுரைகளில் இருந்த முக்கியமான பிழைகளில் பாதியைக்கூட ஆசிரியர்கள் குறித்திருக்கவில்லை. சம்பளம் வாங்கித் திருத்தும் ஆசிரியர் கண்ணிலேயே இவ்வளவு தப்பும்போது, பயிற்றுநராக உட்காரும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் பிழையே இல்லாத தாளை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஒரே ஒரு இடத்தில் இந்த வழிக்கு இடம் கொடுப்பேன். முனைவர் பட்ட ஆய்வேடு, வெளியீட்டுக்குப் போகும் கட்டுரை போன்றவற்றுக்கு மெய்ப்புப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். அதை நெறியாளருக்குத் தெரிவித்து, வேறு பெயரில், வேறு ஆட்களைக் கொண்டு தனிச் சேவையாக நடத்தலாம். மையத்தின் மேசையில் வேண்டாம்.

தனி வகுப்பாக இலக்கணம்

"அடிப்படையே சரியில்லை, முதலில் இலக்கணம் சொல்லிக்கொடுங்கள்" என்ற குரல் பேராசிரியர்கள் பக்கத்திலிருந்து வரும். எழுத்து மையங்களின் பழைய வடிவமும் ஏறக்குறைய இதுதான். மாணவரை ஒரு பயிற்சித் தாளோடு உட்காரவைத்து, சரியா தவறா என்று குறிக்கச் சொல்லி, விடையைச் சரிபார்த்து அனுப்பிவிடுவார்கள்.

இந்த வழியைப் பற்றித்தான் மிக அதிகமாக ஆய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலான முடிவுகள் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. 1963-இல் பிராடக், லாய்டு-ஜோன்ஸ், ஷோயர் ஆகிய மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, தனியாக நடத்தப்படும் இலக்கணப் பாடத்தால் எழுத்துக்குக் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம், எழுதிப் பழக வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுவதால் கெடுதல்கூட உண்டு என்று எழுதினார்கள். நியூசிலாந்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1976-இல் வெளியான ஆய்வும், இலக்கணம் படித்தவர் எழுத்துக்கும் படிக்காதவர் எழுத்துக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்றது. 2007-இல் ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் இருவரும் 4 முதல் 12 வரையான வகுப்புகளுக்கான ஆய்வுகளைத் தொகுத்தபோது, எழுத்தின் தரத்தில் இலக்கணப் பாடத்தின் விளைவு மைனஸ் 0.32 என்று வந்தது; மைனஸ் என்றால் பலன் இல்லை, எதிர்த்திசையில் போயிருக்கிறது என்று பொருள். அதே தொகுப்பில், சிறு வாக்கியங்களை இணைத்து எழுதும் பயிற்சிக்குப் பிளஸ் 0.50 கிடைத்தது.

இவை பள்ளி மாணவர்களை வைத்தும், பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்தும் செய்தவை. அப்படியே எடுத்துக் கல்லூரிக்கும் தமிழுக்கும் பொருத்த முடியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் தமிழில் நம் கண்முன் இருக்கும் சான்று போதாதா? வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கியவர், அடுத்த தாளில் "அதை பற்றி" என்று எழுதுகிறார். விதியை அறிவதற்கும், எழுதும் வேகத்தில் அது கைக்கு வருவதற்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது.

வாக்கிய இணைப்பு வேலை செய்வது ஏன் என்பதும் இங்கேதான் விளங்குகிறது. "கணக்கெடுப்பு நடந்தது. 40 ஊர்களில் நடந்தது. முடிவு யாரும் எதிர்பாராதது." இந்த மூன்றையும் கொடுத்து ஒன்றாக்கச் சொன்னால், "40 ஊர்களில் நடந்த கணக்கெடுப்பு யாரும் எதிர்பாராத முடிவைத் தந்தது" என்று ஒருவர் எழுதுவார். பெயரெச்சம் என்ற சொல்லைச் சொல்லாமலே இரண்டு பெயரெச்சங்கள் வந்துவிட்டன. எச்சங்களால் வாக்கியம் கட்டும் மொழிக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடைக்காது. பருவத்துக்கு இரண்டு மூன்று முறை, விருப்பப்பட்டவர் வரும் ஒரு மணி நேரப் பட்டறையாக இதை வைக்கலாம். தனி வகுப்பு வழியிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்.

தொடவே மாட்டோம் என்ற கொள்கை

மேலே சொன்ன இரண்டுக்கும் எதிர்வினையாகப் பிறந்த வழி இது. 1984-இல் ஸ்டீபன் நார்த் எழுதிய ஒரு கட்டுரை எழுத்து மையங்கள் தங்களைப் பார்த்துக்கொள்ளும் விதத்தையே மாற்றிவிட்டது. மையத்தைப் பிழை நீக்கும் பட்டறையாகச் சக ஆசிரியர்களே நினைப்பதன் மேல் அவருக்கு இருந்த கோபம் அதில் வரிக்கு வரி தெரியும். மையத்தின் வேலை எழுதுகிறவரை மேம்படுத்துவது, கட்டுரையை மேம்படுத்துவது இல்லை என்பது அவர் நிலை. 1991-இல் ஜெஃப் புரூக்ஸ் அதை மேசைக்கே கொண்டுவந்தார்: மாணவருக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், தாள் உங்களைவிட மாணவருக்கு அருகில் இருக்கட்டும், உங்கள் கையில் எழுதுகோல் வேண்டாம், மாணவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

இந்த நான்கு யோசனைகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். செலவில்லாதவை, உடனே பலன் தருபவை.

ஆனால் இந்தக் கொள்கை பல இடங்களில் "நாங்கள் இலக்கணம் பார்ப்பதில்லை" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிப் போனது. அந்த வரியில்தான் எனக்குச் சண்டை. தன் எழுத்தில் எதுவோ சரியில்லை என்று தெரிந்து, வெட்கத்தை விட்டு உதவி கேட்டு வருகிறவரிடம், நீ கேட்பதைத் தவிர மற்றதெல்லாம் தருகிறேன் என்று சொல்வது எப்படிச் சரியாகும்? அவர் எழுத்தைப் படித்து வேலைக்கும் உதவித்தொகைக்கும் மதிப்பிடப்போகிறவர்கள் இலக்கணம் பார்க்காமல் இருக்கப்போவதில்லை.

இரண்டாம் மொழியில் எழுதுகிறவருக்கு இது இன்னும் கொடுமை. "இந்த இடத்தில் என்ன வரும் என்று நீயே யோசி" என்பது அந்த மொழியைக் காதால் கேட்டு வளர்ந்தவருக்குப் பொருத்தமான கேள்வி. கேட்டு வளராதவர் யோசித்தால் என்ன கிடைக்கும்? வெறுமைதான் கிடைக்கும். 1995-இல் லிண்டா ஷமூனும் டெபோரா பர்ன்ஸும் இதைத்தான் வேறொரு பக்கத்திலிருந்து கேட்டார்கள். இசையும் ஓவியமும் கற்பிக்கும் ஆசான்கள் நேரடியாகச் செய்து காட்டுகிறார்கள், எழுத்துக்கு மட்டும் ஏன் இந்த விரதம்? புரூக்ஸுக்கும் இவர்களுக்கும் நடுவே ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்குவேன். எந்தப் பிழை என்பதைப் பார்த்துத்தான் சொல்வேன்.

வரைவுக்குள்ளே, கடைசியில், அளவோடு

நான் ஆதரிக்கும் வழியில் 45 நிமிட அமர்வு எப்படிப் போகும் என்று பார்ப்போம். முதல் 25, 30 நிமிடம் கேள்வி என்ன, வாதம் என்ன, வரிசை சரியா, சான்று போதுமா என்பதற்கு. வெட்டி எறியப்போகும் பத்தியில் ஒற்றுப்பிழை பார்ப்பது வீண் வேலை என்பதால் இந்த வரிசை. பிழையால் பொருளே புரியவில்லை என்றால் மட்டும் வரிசையை மீறலாம். மீதிப் பதினைந்து நிமிடம் இலக்கணத்துக்கு. அதிலும் கட்டுரை முழுவதும் கிடையாது. ஒரு பக்கம், இரண்டு அல்லது மூன்று பிழைவகை. அவ்வளவுதான்.

எப்படிப் பார்ப்பது? முதல் படி, வாய்விட்டுப் படிப்பது. கண்ணால் ஓட்டும்போது தெரியாதது காதில் விழும். பல சமயம் மாணவர் தாளில் எழுதியதை விட்டுவிட்டுச் சரியான வடிவத்தையே படித்துவிடுவார், தான் மாற்றிப் படித்ததுகூடத் தெரியாமல். "இப்போது என்ன படித்தீர்கள், தாளில் என்ன இருக்கிறது?" என்ற ஒரே கேள்வி போதும்.

இரண்டாம் படி, பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி. என்ன பிழை என்று சொல்வதில்லை. 1983-இல் ரிச்சர்ட் ஹாஸ்வெல் தன் வகுப்புகளில் இப்படி ஓரத்தில் குறி மட்டும் போட்டுக் கொடுத்துப் பார்த்தார். சுமார் 60 விழுக்காடு பிழைகளை மாணவர்களே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள். அதாவது பாதிக்கு மேற்பட்ட பிழைகள் அறியாமையால் வந்தவை இல்லை, கவனிக்காததால் வந்தவை. பயிற்றுநர் தன் நேரத்தை மீதி 40 விழுக்காட்டுக்குச் செலவிட வேண்டும்.

அந்த மீதியில்தான் சுவாரசியமே. நியூயார்க் சிட்டி கல்லூரி 1970-இல் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டபோது, கல்லூரி எழுத்துக்குப் பழக்கமே இல்லாத மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்கள் எழுதிய சுமார் 4,000 தேர்வுத் தாள்களை, அங்கே எழுத்து கற்பித்த மினா ஷானசி உட்கார்ந்து படித்தார். பிழைகள் கண்டபடி வருவதில்லை, ஒவ்வொருவரும் தமக்குள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள், அந்த விதி தவறாக இருக்கிறது என்பதுதான் 1977-இல் அவர் வெளியிட்ட முடிவின் சாரம். 

தமிழில் ஓர் எடுத்துக்காட்டு: "மாணவர்களின் எண்ணிக்கை குறைந்து வருகின்றன." இதை எழுதியவருக்கு எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போக வேண்டும் என்று தெரியும். தெரிந்ததால்தான் "வருகின்றன" என்று பன்மையைப் போட்டார். "மாணவர்களின்" என்ற பன்மை அவரை இழுத்துவிட்டது. "குறைவது யார், மாணவர்களா எண்ணிக்கையா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே திருத்துவார். அப்புறம் அந்தப் பக்கத்தில் இதே இழுப்பு வேறு எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லலாம். "ஒவ்வொரு மாணவர்களும்" அகப்படும். ஒரு வகையைத் தானே வேட்டையாடப் பழகியவர் அடுத்த கட்டுரைக்கு அந்தக் கண்ணோடு போகிறார்.

இன்னொன்று: "ஆய்வு முடிவுகளைப் படித்துவிட்டு பல கேள்விகள் எழுந்தன." படித்தது யார்? கேள்விகளா? 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே, அதாவது அதைச் செய்பவரையே, முடிக்கும் வினைக்கும் கொள்ளும் என்று நன்னூலிலேயே இருக்கிறது. ஆனால் "மழை பெய்து நெல் விளைந்தது" என்பதையும் தமிழ் மரபு ஏற்றுக்கொள்கிறது. இந்த விதியையும் விலக்கையும் பதினைந்து நிமிடத்தில் பாடமாக நடத்தப் போனால் மாணவர் கொட்டாவி விடுவார். "படித்தவர் யார் என்று வாக்கியத்தில் காட்டுங்கள்" என்றால் "படித்தபோது எனக்குப் பல கேள்விகள் எழுந்தன" என்று வந்துவிடும்.

இனி, எதை நேரடியாகச் சொல்லிவிட வேண்டும், எதைக் கேட்டு வரவழைக்க வேண்டும் என்ற கேள்வி. என் அளவுகோல் காதுதான். மாணவரின் காது பிடிக்கக்கூடிய பிழை என்றால் கேளுங்கள், பிடிக்க முடியாதது என்றால் சொல்லிவிடுங்கள். "அதைப் பற்றி" என்பதில் வரும் ப் வாய்விட்டுப் படித்தால் தானாக ஒலிக்கும். ஆனால் ர, ற வேறுபாடு பெரும்பாலோர் பேச்சில் இல்லை. ழ, ள வேறுபாடும் பலர் நாவில் இல்லை. பேச்சில் இல்லாததை எத்தனை முறை வாய்விட்டுப் படித்தாலும் கேட்காது. அங்கே போய் "யோசியுங்கள்" என்பது நேர விரயம். அது 'அறை', இது 'அரை' என்று சொல்லிவிட்டு, அவர் தடுமாறும் சொற்களை ஒரு பட்டியலாக அவர் கையாலேயே எழுதவைக்க வேண்டும். இரண்டாம் மொழியில் எழுதுகிறவருக்கு எந்த வினையோடு எந்த வேற்றுமை வரும், எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதும் இதே கணக்கில்தான் வரும்.

இரண்டாம் மொழி எழுத்தில் திருத்தமே வீண் என்று 1996-இல் ஜான் டிரஸ்காட் வாதிட்டார். டானா ஃபெரிஸ் 1999-இல் பதில் எழுதினார்: கண்டதையும் திருத்துவதுதான் வீண், தேர்ந்தெடுத்துத் தெளிவாகத் திருத்தினால் பலன் உண்டு என்று. ஒன்றிரண்டு வகைகளில் மட்டும் குவியும் திருத்தம் வேலை செய்வதாகப் பின்னால் வந்த ஆய்வுகள் சிலவும் காட்டின. விவாதம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் "இரண்டு மூன்று வகை மட்டும்" என்ற எல்லையை வைக்க இது போதும்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பயிற்றுநருக்கு இலக்கணம் தெரிந்தால் மட்டும் போதாது. பத்துப் பிழையைப் பார்த்துவிட்டு எட்டைப் பற்றி வாய் மூடி இருக்கத் தெரிய வேண்டும். அது கடினம், தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இன்னும் கடினம். மாணவர் பிழைகளோடுதான் வெளியே போவார். அதை வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

யாருடைய இலக்கணம்?

ஒற்றுப்பிழை என்று ஒருவர் வட்டமிடுவது இன்னொருவருக்குப் பிழையே இல்லை. "அங்கு சென்றான்" என்பவர்களும் உண்டு, "அங்குச் சென்றான்" என்பவர்களும் உண்டு. "இது அன்று" என்றுதான் ஒருமைக்கு எழுத வேண்டும் என்று ஒரு பேராசிரியர் மதிப்பெண் குறைப்பார். பக்கத்து அறையில் இருப்பவரே "இது அல்ல" என்று எழுதிக்கொண்டிருப்பார். ஜோசப் வில்லியம்ஸ் 1981-இல் பிழையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அதற்குள் சுமார் 100 பிழைகளை வேண்டுமென்றே ஒளித்துவைத்தார். கடைசியில் அவரே சொல்லும்வரை பெரும்பாலான வாசகர்களுக்குத் தெரியவில்லை. மாணவர் தாள் என்றால் தேடிப் பிடிக்கும் அதே கண்கள்தான்.

மையம் இதில் நடுவராகப் போனால் அடி வாங்கும். பொருளை மாற்றும் பிழைகளை எந்தத் துறைக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம்: "வேலை கொடு" என்றால் பணி, "வேலைக் கொடு" என்றால் கையில் இருக்கும் வேல். எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போகாத இயைபுப் பிழை, முடியாத வாக்கியம் போல எந்த வாசகரும் தடுக்கி நிற்கும் பிழைகளும் அதே வரிசையில்தான். கருத்து வேறுபாடு உள்ளவற்றில், "உங்கள் துறை எதைக் கேட்கிறதோ அதை எழுதுங்கள், இரண்டும் வழக்கில் உண்டு" என்று சொல்லி விட்டுவிடலாம். துறைகளை உட்காரவைத்து எந்த வடிவத்தை ஏற்பது என்று சொல்லும், ஒரு பக்கத்துக்கு மிகாத நடைக்குறிப்பு ஒன்றை எழுதி வாங்கிவிட்டால் பாதிச் சண்டை ஓயும். மையம் திறப்பதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும். திறந்த பிறகு யாரும் கூட்டத்துக்கு வர மாட்டார்கள்.

மென்பொருள்

பிழைதிருத்தியும் செயற்கை நுண்ணறிவும் முதல் வழியை இலவசமாக, நொடியில் செய்துவிடுகின்றன. திருத்திக் கொடுக்கும் மையம் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம், அந்தப் போட்டியில் மனிதர் ஜெயிக்க முடியாது. ஆனால் கருவி சரளமான வாக்கியத்தைத் தரும்போது மாணவர் சொல்ல வந்ததையும் சேர்த்து மாற்றிவிடுவதுண்டு. கருவியின் திருத்தங்களோடு வரட்டும், ஒவ்வொன்றையும் ஏற்பதா மறுப்பதா என்று காரணத்தோடு அவரே சொல்லட்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தை இப்படியும் பயன்படுத்தலாம். எந்தப் பாடத்தில் எந்தக் கருவிக்கு அனுமதி என்பது ஆசிரியர் முடிவு, மையத்தின் முடிவு இல்லை.

சரி, இப்போது அறைக்கு வருவோம்

நான்காவது வழியை எடுத்தால் மற்ற முடிவுகள் பாதி தாமாகவே விழும். பயிற்றுநர்களாகப் பேராசிரியர்களைப் போடலாமா? மதிப்பெண் போடுகிறவர் எதிரில் மாணவர் வாய் திறந்து தப்பாகப் படிக்க மாட்டார். முழுநேர ஆட்கள் நல்லது, செலவு அதிகம். புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புரூஃபி 1970-களில் வளர்த்தெடுத்த சக மாணவப் பயிற்றுநர் முறைதான் பெரும்பாலான கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகும். ஒரு முழுநேர ஒருங்கிணைப்பாளரும் நன்கு பயிற்சி பெற்ற சில மாணவர்களும் போதும். தேர்ந்தெடுக்கும்போது இலக்கணத் தேர்வு வைக்காதீர்கள். பிழையுள்ள ஒரு பக்கத்தைக் கொடுத்து, இதில் முதலில் எதைப் பற்றிப் பேசுவீர்கள், ஏன் என்று கேளுங்கள். ஒற்றிலிருந்து தொடங்குகிறவருக்கு இன்னும் பயிற்சி தேவை.

இடம்? மொழித்துறைக்குள் வைத்தால் அறிவியல் மாணவர் வர மாட்டார், இலக்கண வகுப்பு என்ற வாடையும் ஒட்டிக்கொள்ளும். நூலகம் நல்லது.

கட்டாயமாக்கலாமா என்பதில் நான் கறாராக இருப்பேன்: வேண்டாம். "உன் தமிழ் மோசம், போய்ச் சரிசெய்துகொண்டு வா" என்று அனுப்பப்படுகிறவர் தண்டனை அனுபவிக்கத்தான் வருவார். வேண்டுமானால் ஓர் ஆசிரியர் தன் வகுப்பு முழுவதையும், நன்றாக எழுதுகிறவர்களையும் சேர்த்து, ஒரு முறை வரச் சொல்லலாம். ஆசிரியருக்குப் போகும் தகவலும் மாணவர் சம்மதித்தால் மட்டும், இரண்டே வரியில்: எதைப் பற்றிப் பேசினோம், மாணவர் அடுத்து என்ன செய்வதாகச் சொன்னார்.

எண்ணிக்கையையும் முன்பே பார்த்துவிடுங்கள். ஐந்து பயிற்றுநர்கள், ஆளுக்கு வாரம் 8 மணி நேரம், 45 நிமிட அமர்வும் 15 நிமிடக் குறிப்பும் என்றால் வாரத்துக்கு 40 அமர்வு. 15 வாரப் பருவத்துக்கு 600. 2,000 மாணவர் உள்ள கல்லூரியில் மூன்றில் ஒருவர்கூட ஒரு முறை வர முடியாது. இதைத் தெரிந்துகொண்டே எல்லாத் துறைக்கும் வாக்குக் கொடுத்தால் அமர்வு 20 நிமிடமாகச் சுருங்கும். சுருங்கியதும் முதலில் போவது வாதத்தைப் பற்றிய பேச்சு, மிஞ்சுவது பிழை திருத்தம். சுற்றி வளைத்து முதல் வழிக்கே வந்துவிடுவோம். அதைவிட, முதல் ஆண்டு இரண்டு துறைகளுக்கு மட்டும் திறப்பது மேல்.

சில இடங்களில் என் முடிவு மாறும். மாணவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் மொழியில் எழுதும் கல்லூரி என்றால் அமர்வின் பாதியை மொழிக்கே கொடுப்பேன், நேரடியாகச் சொல்வதையும் அதிகமாக்குவேன், மொழி கற்பித்தலில் பயிற்சி உள்ள ஒருவரை முழுநேரமாக எடுப்பேன். பணமும் ஆளும் அறவே இல்லை, ஒரே ஓர் ஆசிரியர் வாரம் நான்கு மணி நேரம் ஒதுக்குவார் என்றால் தனி அமர்வுகளை விட்டுவிட்டு வாக்கிய இணைப்புப் பட்டறையை மட்டும் நடத்தச் சொல்வேன்.

வாசலில் மாட்டும் பலகைக்கு இந்த வாசகம் போதும்: "உங்கள் வரைவைக் கொண்டுவாருங்கள். முதலில் கருத்தைப் பேசுவோம், பிறகு இரண்டு மூன்று பிழைவகைகளைப் பார்ப்போம். திருத்துவது நீங்கள்." ஆண்டு முடிவில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு இன்னொன்றையும் எண்ணச் சொல்வேன்: மூன்று முறையாவது வந்த மாணவர்களின் முதல் வரைவையும் கடைசி வரைவையும் எடுத்து, அமர்வில் பேசிய பிழைவகை அவற்றில் பக்கத்துக்கு எத்தனை முறை வருகிறது என்று. இதற்கு வரைவுகளின் படி வேண்டும், மாணவரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும். ஒப்புதல் படிவத்தை முதல் அமர்விலேயே வாங்கி வையுங்கள்.